கண்டி வீதியின் கதை – 23: பெற்றோல் கேளாத கார்கள்

சென்ற அத்தியாயத்தில் கண்டி வீதியின் பெற்றோல் செட்டுகளைப் பார்த்தோம். ஷெல், எஸ்ஸோ, கால்டெக்ஸ் கொம்பனிகளிடம் இருந்த எண்ணெய் வியாபாரம் 1960களின் தொடக்கத்தில் இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு மாறிய கதை அது. அதன் பிறகு அரை நூற்றாண்டு காலம் அந்தச் செட்டுகளை நம்பியே இந்த வீதி ஓடியது. 2014, 2015ஆம் ஆண்டுகளில்தான் செட்டுப் பக்கம் திரும்பாமலே போகும் கார்கள் நிட்டம்புவ, வரக்காப்பொல, கேகாலை வழியாக ஓடத் தொடங்கின.

அந்தக் கார்கள் ஓராண்டில் பெருகின. அடுத்த ஆண்டே தயங்கின. பிறகு ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் புதிதாக அநேகமாக ஒன்றும் இறங்காத நிலை. 2025இல் மறுபடியும் திரளாக வந்தன. இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணத்தைக் காருக்குள் தேடினால் கிடைக்காது. வரி போடும் திறைசேரி, மின்சாரம் தரும் சபை, பிளக்கைத் தீர்மானிக்கும் உற்பத்தியாளர், சார்ஜர் வைக்க இடம் தரும் கடைக்காரர், பற்றரியைப் பழுதுபார்க்கும் கராஜ், கடன் தரும் வங்கி ஆகிய அனைவரும் ஒரு திசையில் நடந்தபோது கார்கள் ஓடின. ஒருவர் விலகியபோது மற்றவர்களின் உழைப்பும் வீணாயிற்று. இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வருவது இதைத்தான்.

முதல் தரிப்பு

வரக்காப்பொல கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில் ஏறத்தாழ நடுவில் இருக்கிறது. இந்த இருப்பிடமே அதன் வரலாற்றை எழுதியது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் காலத்தில், 1820களில், பொறியியலாளர் டோசன் கண்டிக்கு வீதி வெட்டினார். 1832இல் அந்த வீதியில் குதிரைத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஒரே குதிரைகள் கொழும்பிலிருந்து கண்டி வரை வண்டியை இழுக்க முடியாது. ஆகவே வழியில் லாயமும் தீனியும் தண்ணீரும் மாற்றுக் குதிரைகளும் தயாராக இருக்க வேண்டும். வரக்காப்பொலவை அடுத்த அம்பேபுஸ்ஸவில் எழுந்த வாடிவீடு நாட்டின் மிகப் பழைய வாடிவீடுகளில் ஒன்று. வீதியை அரசு போட்டாலும், வண்டி ஓடுவதற்கு இடைவழித் தரிப்புகள் தேவைப்பட்டன.

ரயிலும் முதலில் வந்து நின்றது இந்தப் பக்கத்தில்தான். 1864 டிசம்பர் 27ஆம் திகதி இலங்கையின் முதல் ரயில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. கண்டிக்கு அது 1867இல்தான் போய்ச் சேர்ந்தது. சமவெளி முடிந்து மலை தொடங்கும் இடத்தில் புதிய வாகனம் எதுவும் ஒரு முறை நின்று மூச்சு வாங்க வேண்டியிருக்கிறது. 150 ஆண்டுகள் கழித்து மின்சாரக் காருக்கும் இதுவே நேர்ந்தது.

ரப்பர் தந்த உறவு

வரக்காப்பொல அடங்கும் கேகாலை மாவட்டத்துத் தமிழ் மக்களுக்கு மோட்டார் வாகனத்தோடு இருக்கும் உறவு வாங்குவோர் உறவு மட்டுமல்ல. அவர்களில் பலரின் முன்னோர் இங்கே வந்ததே மோட்டார் வாகனத்தின் பொருட்டு. 1876இல் லண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த ரப்பர் நாற்றுகள் கம்பஹவுக்கு அருகே ஹெனரத்கொட தாவரப் பூங்காவில் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகெங்கும் கார்கள் பெருகி, டயருக்கு ரப்பர் கேட்டார்கள். களனிப் பள்ளத்தாக்கின் காடுகள் ரப்பர் தோட்டங்களாயின. எட்டியாந்தோட்டை, தெரணியகல, தெஹியோவிட்ட, ருவன்வெல்லப் பகுதிகளுக்குக் கங்காணிகள் தமிழகத்திலிருந்து குடும்பங்களை அழைத்து வந்தார்கள். விடியுமுன் எழுந்து மரம் மரமாகப் பால் வெட்டியவர்களின் உழைப்பு டெட்ரோயிட்டிலும் லண்டனிலும் சக்கரங்களில் உருண்டது. அந்தச் சக்கரங்களில் ஏறிப் போகும் வசதி அவர்களுக்குப் பல தலைமுறைகள் கிடைக்கவில்லை.

1952இல் இலங்கையும் சீனாவும் செய்துகொண்ட ரப்பர் – அரிசி உடன்படிக்கையையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மலைகளின் ரப்பர் சீனாவுக்குப் போனது, அங்கிருந்து அரிசி வந்தது. இன்று அதே நாட்டிலிருந்து மின்சாரக் கார்கள் வருகின்றன. மின்சாரக் காருக்கும் டயர் ரப்பரில்தான். பற்றரியின் பாரத்தால் அது கூடுதலாகவே தேய்கிறது. ஆகவே பெற்றோல் போய் மின்சாரம் வரும் இந்த மாற்றத்திலும் தோட்ட மக்களுக்குப் பங்கு கேட்கும் உரிமை உண்டு.

ஆற்றிலிருந்து கம்பிக்கு

மின்சாரத்தில் வாகனம் ஓட்டுவது இலங்கைக்குப் புதிதல்ல. கொழும்பில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வந்த மின்சார ட்ராம் 1960 வரை ஓடியது. 1953 முதல் 1964 வரை மேலே கம்பியைத் தொட்டபடி ட்ரொலி பஸ்களும் ஓடின. இரண்டையும் நாமே நிறுத்தினோம். எண்ணெய் மலிவாகத் தெரிந்த காலம் அது.

மின்சாரம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கும் அப்போதே பதில் இருந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் மஸ்கெலிய ஓயா, கெஹெல்கமு ஓயா ஆகிய ஆறுகளின் வலுவைக் கணக்கிட்டு ஓர் ஆய்வுரை எழுதினார். அதைக் காலனித்துவ ஆட்சி நீண்ட காலம் பொருட்படுத்தவில்லை. லக்சபான மின்நிலையம் இயங்க 1950 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அந்த ஆறுகள் சேர்ந்து களனி கங்கையாகி, கித்துல்கல, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல வழியாக இந்த மாவட்டத்தை நனைத்துக்கொண்டே கடலுக்குப் போகின்றன. பலாங்கொடைப் பக்கம் வளவை கங்கையின் குறுக்கே எழுந்த சமனலவெவ 1992 முதல் 120 மெகாவாட் தருகிறது. கித்துல்கலவில் 35 மெகாவாட் புரோட்லன்ட்ஸ் நிலையம் 2022இல் இயங்கத் தொடங்கியது. தேசிய மின்வலை மலைக்கு வருமுன்னரே பல தேயிலைத் தொழிற்சாலைகள் தோட்டத்து ஓடையில் சிறு டர்பைன் வைத்து இயங்கின. எண்ணெய்க் கிணறு ஒன்றுமில்லாத நாட்டில், கேகாலையும் பலாங்கொடையும் அடங்கும் சபரகமுவ மாகாணத்துக்கு மின்சாரம் சொந்த மண்ணின் விளைச்சல்.

லீஃப் வந்த ஆண்டு

ஜப்பானின் நிசான் நிறுவனம் 2010 டிசம்பரில் லீஃப் காரை விற்பனைக்கு விட்டது. நாலைந்து ஆண்டு கழித்து அந்தக் கார்கள் ரீகண்டிஷன் வாகனங்களாகக் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. பெற்றோல் காருக்குக் கடும் வரி இருந்தபோது மின்சாரக் காருக்கு அரசு மிகக் குறைந்த வரி விதித்திருந்தது. கார் வாங்கவே முடியாது என்றிருந்த நடுத்தரக் குடும்பங்கள் பல லீஃப் வாங்கின. 2015இல் மட்டும் ஆயிரக்கணக்கில் பதிவாயின.

அதே ஆண்டில் இலங்கை மின்சார சபை வீடுகளுக்கு நேரத்துக்கேற்ற கட்டண முறையைக் கொண்டு வந்தது. இரவு பத்தரை மணிக்குப் பின் அலகொன்றுக்கு 13 ரூபா, மாலை ஆறரை முதல் பத்தரை வரையான உச்ச நேரத்தில் 54 ரூபா. நள்ளிரவில் சார்ஜ் போடும் வீட்டுக்காரர் முந்நூறு ரூபாவை ஒட்டிய செலவில் பற்றரியை நிரப்பி நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடலாம். அன்று ஒரு லீற்றர் பெற்றோல் 117 ரூபா. அதே தூரத்துக்குப் பெற்றோல் கார் ஆயிரம் ரூபாவுக்கு மேல் கேட்டது. ஒரு திணைக்களம் வரியைக் குறைத்தது, இன்னொரு நிறுவனம் இரவுக் கட்டணத்தைக் குறைத்தது. இரண்டும் ஒரே ஆண்டில் பொருந்தின. கார் பெருகியதன் இரகசியம் இதுவே.

அரை மணி நேரக் கணக்கு

நகரத்துக்குள் ஓட லீஃப் போதும். கண்டிக்குப் போக நினைத்தவுடன் கணக்கு இறுகிவிடும். அந்தக் காலத்து லீஃபின் பற்றரி 24 அலகு மின்சாரம் கொள்வது. அமெரிக்க அரசின் சோதனைப்படி ஒரு முழுச் சார்ஜில் சுமார் 120 கிலோமீற்றர் ஓடும். கொழும்பிலிருந்து கண்டி ஏறத்தாழ 115 கிலோமீற்றர். இது போதாதென்று கடுகண்ணாவை ஏற்றம் வேறு. ஒன்றரைத் தொன் எடையுள்ள காரைக் கடல் மட்டத்திலிருந்து 500 மீற்றர் உயரத்துக்குத் தூக்க மாத்திரம் இரண்டு அலகுக்கு மேல் வேண்டும், அதாவது பற்றரியில் பத்தில் ஒரு பங்கு. இறங்கும்போது மோட்டார் மின்பிறப்பாக்கியாக இயங்கி ஒரு பகுதியைத் திருப்பித் தரும் என்பது உண்மை. ஆனால் கண்டி மேலே இருக்கிறது. போகும் பயணத்துக்கு அந்த ஆறுதல் உதவாது.

வந்தவை பழைய கார்கள் என்பதும் சேர்ந்துகொண்டது. லீஃபின் பற்றரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு எதுவும் இல்லை. சூடான நாட்டில் அது விரைவாக வலுவிழக்கும். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவனத்தில் 2012இலேயே உரிமையாளர்கள் இதைக் கண்டார்கள். டாஷ்போர்டில் பற்றரியின் ஆரோக்கியத்தைக் காட்டும் 12 கோடுகள் உண்டு. கோடு ஒவ்வொன்றாக அணையும்போது உரிமையாளரின் நம்பிக்கையும் குறையும். அத்தகைய காரில் குடும்பத்தோடு கண்டிக்குப் புறப்படுவோர் வழியில் ஓரிடத்தில் சார்ஜ் போட்டே ஆகவேண்டும். அதற்குப் பொருத்தமான இடம் ஏற்றத்துக்கு முன்னால், பாதித் தூரத்தில். வரைபடத்தில் விரல் வைத்தால் அது வரக்காப்பொலச் சுற்றுவட்டாரத்தில் வந்து நிற்கும்.

இங்கேதான் உலகத்தின் பெரிய ஒத்துழைப்பு ஒன்று நம் வீதிக்கு வந்து சேர்ந்தது. 2010 மார்ச்சில் ஜப்பானில் நிசான், மிட்சுபிஷி, டொயோட்டா, சுபாரு கார்களைத் தயாரித்த ஃபுஜி நிறுவனம் ஆகியவையும் டோக்கியோ மின்சாரக் கொம்பனியும் சேர்ந்து சாடெமோ என்ற சங்கத்தை அமைத்தன. சந்தையில் போட்டியாளர்களாக இருந்தவர்கள் வேகமாகச் சார்ஜ் போடும் பிளக் ஒன்றில் மட்டும் உடன்பட்டார்கள். யாருடைய காருக்கும் ஒரே பிளக். 50 கிலோவாட் சாடெமோ சார்ஜரில் லீஃப் அரை மணி நேரத்தில் எண்பது வீதம் நிரம்பும். வீட்டுச் சுவர்ப் பிளக்கில் அதற்கு ஓரிரவு வேண்டும்.

இலங்கையில் கோட்ஜென் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் சார்ஜ்நெட் என்ற சார்ஜிங் வலையமைப்பைக் கட்டத் தொடங்கினார்கள். இவர்கள்தான் வேகா என்ற உள்ளூர் மின்சார ஸ்போர்ட்ஸ் காரையும் வடிவமைத்தவர்கள். சார்ஜர் ஒன்றை நிறுவக் குறைந்தது நால்வர் உடன்பட வேண்டும். இயந்திரத்துக்கு முதல் போடுபவர் ஒருவர். நிறுத்த இடமும் கழிவறையும் உணவும் உள்ள கடை அல்லது ஹோட்டல் உரிமையாளர் இன்னொருவர். ஐம்பது கிலோவாட் என்பது பல டசன் வீடுகள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம் என்பதால், டிரான்ஸ்போமரைப் பார்த்து அனுமதி தர வேண்டிய மின்சார சபை மூன்றாமவர். பாதுகாப்பு விதிகளையும் கட்டணத்தையும் கவனிக்கும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு நான்காவது.

கடைக்காரருக்கு இதில் நயமும் உண்டு. பெற்றோல் அடிக்க ஐந்து நிமிடம் போதும், ஓட்டுநர் இறங்கவே மாட்டார். சார்ஜ் போட அரை மணி நேரம். அந்த அரை மணியில் குடும்பம் இறங்கும், தேநீர் குடிக்கும், வரக்காப்பொலவின் பெயரைச் சொல்லும் எள்ளுருண்டையான தலகுலியை வாங்கும். குதிரை மாற்றும் காலத்து வாடிவீட்டுக்குக் கிடைத்த அதே வியாபாரம் இது.

கதவு மூடியது

2015 நவம்பரில் வந்த வரவு செலவுத் திட்டம் மின்சாரக் காரின் வரியை உயர்த்தியது. அரசுக்கு வருமானம் வேண்டியிருந்தது என்பதை மறுக்க முடியாது. ஆனால் சார்ஜருக்கு முதலிட்டவரும், வேலை பழகத் தொடங்கிய கராஜ்காரரும், மின்சார சபையும் அந்த முடிவுக்கு ஆயத்தமாக இருக்கவில்லை. இறக்குமதி சரிந்தது. சில ஆயிரம் கார்களுக்காக ஒரு நாடு முழுவதும் சார்ஜர் வைப்பது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. சார்ஜர் குறைவென்பதால் கார் வாங்கவும் ஆட்கள் தயங்கினார்கள்.

2017 நவம்பரில் நிதியமைச்சர் மங்கள சமரவீர எதிர்த் திசையில் ஒரு முயற்சி செய்தார். 2040ஆம் ஆண்டுக்குள் நாட்டில் எல்லா வாகனங்களும் மின்சாரத்தில் அல்லது ஹைபிரிட்டில் ஓட வேண்டும் என்று வரவு செலவுத் திட்ட உரையில் இலக்கு வைத்தார். மின்சாரக் கார்களின் வரியைப் பத்து இலட்சம் ரூபாவாவது குறைப்பதாகவும் அறிவித்தார். இலக்கு நல்லது. இரண்டே ஆண்டில் இரண்டு முறை திரும்பிய கொள்கையை நம்பி முதல் போட மட்டும் வியாபாரிகள் துணியவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவோடும் டொலர் நெருக்கடியோடும் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. ஏற்கெனவே வந்த லீஃப்கள் வயதாகிக்கொண்டே ஓடின. இந்த ஆண்டுகளில் ஒரு நன்மையும் விளைந்தது. புதிய பற்றரி கிடைக்காத நிலையில், உள்ளூர் மெக்கானிக்குகள் பற்றரிப் பெட்டியைத் திறந்து வலுவிழந்த செல்களை மட்டும் மாற்றக் கற்றுக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் நடத்தாமலே உருவான தொழிலறிவு அது.

வரிசையில் நின்ற மாவட்டம்

2022ஆம் ஆண்டை இந்த மாவட்டம் மறக்காது. ஏப்ரல் 12ஆம் திகதி அரசு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவித்தது. ஒரு வாரத்தில், ஏப்ரல் 19ஆம் திகதி, இதே மாவட்டத்தில் உள்ள ரம்புக்கனையில் எரிபொருள் கேட்டு ரயில் பாதையை மறித்த மக்கள் மீது பொலிஸார் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். ஒருவர் உயிரிழந்தார். எண்ணெய்க்காக வரிசையில் நின்ற ஒரு நாட்டின் வலி இந்த மண்ணில் இரத்தமாகச் சிந்தியது. அந்த மரணத்தை வெறும் விலை விவரங்களுக்கு நடுவே ஒரு தகவலாகக் கடந்துபோக என்னால் முடியவில்லை.

2021இன் இறுதியில் லீற்றர் 177 ரூபாவாக இருந்த 92 ஒக்டேன் பெற்றோல் 2022 ஜூனில் 470 ரூபாவானது. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர வேறு யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. பிறகு கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரத்துக்கு ஐந்து லீற்றர். தோட்டத்து லயத்திலிருந்து பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணை வரக்காப்பொல ஆதார வைத்தியசாலைக்குக் கொண்டு போவது அநேகமாக ஓர் ஆட்டோதான். ஐந்து லீற்றரில் ஒரு வாரப் பிழைப்பையும் ஓர் அவசரத்தையும் சேர்த்து வைக்க வேண்டிய நிலை அந்த ஓட்டுநருக்கு.

மின்சாரக் கார் வைத்திருந்தவர்கள் பெற்றோல் வரிசையில் நிற்கவில்லை. ஆனாலும் அவர்களும் தப்பவில்லை. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு. நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்தன, அனல் மின்நிலையங்களுக்கு எண்ணெய் வாங்க டொலர் இல்லை. காரை மாத்திரம் மாற்றி மின்நிலையத்தை மாற்றாமல் விட்டால், எண்ணெய்க் கப்பலை நம்பும் வாழ்வு வேறு வடிவில் தொடரும். இந்தப் பாடத்துக்கு நாம் பெருவிலை கொடுத்தோம்.

நேபாளம் செய்தது

இதே நெருக்கடியை வேறு விதமாகச் சந்தித்த ஒரு நாடு நமக்கு அருகிலேயே இருக்கிறது. 2015இல் இந்திய எல்லை முடங்கியபோது நேபாளத்தில் மாதக்கணக்கில் பெற்றோலும் சமையல் வாயுவும் தட்டுப்பட்டன. மலையாறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் அந்த நாடு, மின்சார வாகனத்துக்கு வரியைக் கணிசமாகக் குறைத்து வைத்தது. நேபாள மின்சார அதிகார சபையே நெடுஞ்சாலைகளில் ஐம்பது வரையான சார்ஜிங் நிலையங்களை முதலில் அமைத்து வழிகாட்டியது. அதைப் பார்த்து வழியோர ஹோட்டல்காரர்கள் தாமே சார்ஜர் வைத்தார்கள், தங்குபவருக்குச் சாப்பாடும் விற்றார்கள். காத்மண்டுவிலிருந்து மலைப்பாதையில் ஓடும் வாடகை வான்கள் மின்சாரத்துக்கு மாறின. இன்று அங்கே புதிதாக வரும் பயணிகள் வாகனங்களில் பத்தில் ஏழுக்கும் மேல் மின்சார வாகனங்கள்.

பணக்கார நோர்வேயிலும் நடந்தது இதையொத்ததே. 1990இல் தொடங்கிய வரிச் சலுகையை அடுத்தடுத்து வந்த அரசாங்கங்கள் விட்டுவிடாமல் காத்தன. 2024இல் அங்கே விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஒன்பது வரை மின்சாரக் கார்கள். நோர்வேயின் செல்வம் நமக்கு இல்லை. முப்பது ஆண்டு ஒரே சொல்லில் நின்ற அந்த நிலைத்தன்மைக்குப் பணம் தேவையில்லை.

இரண்டு பிளக்கும் ஒரு நண்பகலும்

2025 பெப்ரவரியில் இலங்கை மறுபடியும் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்தது. மின்சாரக் காருக்கு மோட்டாரின் வலுவை வைத்துக் கிலோவாட் கணக்கில் வரி. பிவைடி போன்ற சீன நிறுவனங்களின் புதிய கார்கள் பெருமளவில் வந்தன. அவற்றின் பற்றரிகள் பெரியவை, திரவத்தால் குளிர்பவை. கொழும்பிலிருந்து கண்டிக்குப் போய்த் திரும்பும் அளவு வலு உள்ளவை பல.

ஆனால் அவற்றின் பிளக் வேறு. ஐரோப்பிய, அமெரிக்க உற்பத்தியாளர்கள் கூடி உருவாக்கிய சிசிஎஸ் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் பொது விதியாக்கியது. நிசானே பிறகு வந்த தன் அரியா காருக்கு ஐரோப்பாவில் சிசிஎஸ் பிளக் பொருத்தியது. சாடெமோவை நம்பி வாங்கிய பழைய லீஃப் உரிமையாளர் ஒரு புறம், சிசிஎஸ் காரோடு வரும் புதியவர் மறு புறம். இருவருக்கும் இடம் தரும் சார்ஜர்களே இந்த வீதிக்குத் தேவை. இதை ஒவ்வொரு வியாபாரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால், ஆசிரியர், தாதி போன்ற சம்பளக்காரர்கள் சிறுகச் சேமித்து வாங்கிய பழைய கார்கள் முதலில் கைவிடப்படும். ஒழுங்குமுறை ஆணைக்குழு பேச வேண்டிய இடம் இது.

மின்சாரத்திலும் புதிய நிலை. 2016இல் தொடங்கிய சூரியபல சங்கிராமயத் திட்டத்தால் கூரைகளில் சூரியப் பலகைகள் பெருகின. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, சூரிய மின்சாரம் மிகுந்து மின்பாவனை குறைந்திருந்த ஞாயிற்றுக்கிழமைப் பகலில், நாடு முழுவதும் மின்சாரம் நின்றது. அந்த ஏப்ரலில், புத்தாண்டு விடுமுறையில் மின்பாவனை குறைந்திருந்த நாட்களில், பகலில் கூரைச் சூரியப் பலகைகளை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. மூன்று ஆண்டுக்கு முன் மின்சாரம் போதாமல் இருண்டிருந்த நாடு இப்போது நண்பகல் மின்சாரத்தை ஏற்க ஆளில்லாமல் தவித்தது.

நிறுத்தி வைத்த கார் ஒவ்வொன்றும் அந்த மின்சாரத்தை வாங்கி வைக்கும் பற்றரி. 2015இல் நள்ளிரவில் சார்ஜ் போடுங்கள் என்பது சரியான அறிவுரை. இன்று நண்பகலில் போடுங்கள் என்பதே பொருந்தும். நண்பகலில் கார் வீட்டில் நிற்பதில்லை. பாடசாலை வளாகத்திலும் அலுவலக முற்றத்திலும் சந்தைத் தரிப்பிடத்திலும் வழியோரக் கடையிலும் நிற்கிறது. ஆகவே சார்ஜரும் அங்கேதான் வர வேண்டும், பகல் கட்டணமும் அதற்கேற்பக் குறைய வேண்டும். மாலை ஏழு மணிக்கு எல்லோரும் ஒன்றாகச் சார்ஜ் போட்டால் அதே கார் எண்ணெய் மின்நிலையத்தை இயங்க வைக்கும். வாகனம் நாட்டுக்குச் சுமையா துணையா என்பதை அது சார்ஜ் ஏறும் நேரம் தீர்மானிக்கிறது. நேரத்தைத் தனி ஒருவர் மாற்ற முடியாது. சபையும் உரிமையாளரும் இடம் தருபவரும் சேர்ந்தால்தான் முடியும்.

ஆட்டோ எப்போது?

இதுவரை சொன்னது பெரும்பாலும் கார் வாங்க முடிந்தவர்களின் வரலாறு. இலங்கையில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முச்சக்கர வண்டிகள் பதிவாகியுள்ளன. தோட்டத்துக்கும் நகரத்துக்கும் இடையே மருந்தையும் மாணவரையும் மரக்கறியையும் சுமப்பவை அவையே. நாள் முழுதும் குறுகிய தூரம் ஓடி அடிக்கடி தரிப்பில் நிற்கும் வண்டிக்கு மின்சாரம் மிகவும் பொருந்தும். பெற்றோல் செலவு மிச்சமானால் அது நேராக ஓட்டுநரின் அடுப்புக்குப் போகும்.

ஐக்கிய நாடுகள் அபிவிருத்தி நிகழ்ச்சித் திட்டம் அரசுடன் சேர்ந்து மேல் மாகாணத்தில் பழைய பெற்றோல் ஆட்டோக்களின் இயந்திரத்தைக் கழற்றி மோட்டாரும் பற்றரியும் பொருத்தும் முன்னோடித் திட்டம் ஒன்றை நடத்தியது. மாற்றிய வண்டியை யார் பரிசோதிப்பது, பதிவுப் புத்தகத்தை யார் திருத்துவது, காப்புறுதி யார் தருவது என்ற கேள்விகளுக்கு அங்கே விடை தேட வேண்டியிருந்தது. தொழில்நுட்பம் ஒரு நாள் வேலை. காகிதத்துக்கு எத்தனையோ அலுவலகங்கள் உடன்பட வேண்டும்.

அந்த முயற்சி பஸ்யாலையைக் கடந்து, மேல் மாகாண எல்லையைத் தாண்டி, வரக்காப்பொலவுக்கு வர வேண்டும். என் மனத்தில் உள்ள ஏற்பாடு பெரியதல்ல. பிரதேச சபை ஆட்டோத் தரிப்பிடத்தில் ஒரு கூரை போடட்டும். அந்தக் கூரையில் சூரியப் பலகை, கீழே சில சார்ஜிங் பிளக்குகள். மின்சார சபை அதற்குப் பகல் கட்டணம் தரட்டும். லீசிங்கில் வண்டி எடுத்த ஓட்டுநருக்குப் பற்றரிக்கான கடனை வங்கி தனியாக, நீண்ட தவணையில் கொடுக்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு, தமிழிலும், பற்றரி வேலை கற்றுக்கொடுக்கட்டும். சிறு நீர்மின் டர்பைன் உள்ள தோட்டங்கள் தம் பாதையில் ஓடும் கொழுந்து லொறிக்கும் ஆட்டோவுக்கும் அந்த மின்சாரத்தில் ஒரு பங்கு ஒதுக்கட்டும். இவற்றில் எதுவும் கண்டுபிடிக்க வேண்டிய புதுமையல்ல. தனித்தனியே எல்லாம் இந்த நாட்டில் எங்கோ ஓரிடத்தில் நடந்திருக்கிறது அல்லது நடக்கிறது. ஒரே ஊரில் ஒரே மேசையில் சேராததுதான் குறை.

வீதி வெட்டியபோது தோட்ட மக்களைக் கேட்கவில்லை. ரப்பர் நட்டபோதும், எண்ணெய் தீர்ந்தபோதும் கேட்கவில்லை. மின்சார வாகனத்தின் திட்டம் இன்னும் எழுதி முடியவில்லை. அந்த மேசையில் ஆட்டோ ஓட்டுநரின் சங்கத்துக்கும் தோட்டத் தொழிற்சங்கத்துக்கும் இப்போதே இரண்டு நாற்காலி கேட்போம். அவர்கள் உட்காராத திட்டம் 2015இல் வந்ததைப் போலவே வேகமாக வரும், அதே வேகத்தில் போகும்.

அடுத்த அத்தியாயத்தில்: 2022 ஜனவரியில் மீரிகமவுக்கும் குருநாகலுக்கும் இடையே திறந்த அதிவேகப் பாதை, பழைய கண்டி வீதியின் வழியோரக் கடைகளிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவைத்தது.

(தொடரும்)